வயிரவன் செட்டியாரின் ஹேண்ட் பிரேக்

உயிர் உள்ளவரை தன் கார் ஸ்டியரிங்கை மனைவி தொடக் கூடாது. எழுபத்தோராம் வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, காரைக்குடி வீட்டு வாசலில், தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் ஈரத் துண்டோடு நின்று வயிரவன் செட்டியார் எடுத்த சபதம் இது.

காரணம் இருந்தது. எண்ணெய் தேய்க்கப் போனபோது வெயிலில் நின்ற கார், திரும்பி வந்தபோது வேப்பமர நிழலில் நின்றது.

"யாரு நகட்டுனது?"

"நாந்தான். வெயில்ல வெந்துக்கிட்டிருந்துச்சு," என்றார் மனைவி சாலா ஆச்சி, முருங்கைக்கீரை உருவியபடி.

தாறுமாறாக ஓட்டி மரத்தில் மோதியிருந்தால்கூட மன்னித்திருப்பார். இரண்டு மரத்துக்கு நடுவே, பின்பக்கமாக, நூல் பிடித்தாற்போல நிறுத்தியிருந்ததுதான் பொறுக்கவில்லை. ஆச்சி கடல் கடந்து ஈப்போவில் வளர்ந்தவர். கல்யாணத்துக்கு முன்பே அங்கே லைசென்ஸ் எடுத்தவர். இங்கே வந்தும் ஒன்று எடுத்து வைத்திருந்தார். எடுத்து என்ன? பன்னிரண்டு வருஷமாகப் பின் சீட்டு. ஓட்டத் தெரிந்தவர் பின்னால், ஓட்டிப் பழகுகிறவர் முன்னால். இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள் என்றால், "ஊரு என்ன சொல்லும்?" என்பார் வயிரவன். ஊரை ஒரு நாளும் அவர் கேட்டுப் பார்த்ததில்லை.

சாவியை ஒளித்து வைக்கலாம். ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஆச்சி. வயிரவனுக்குத் தன் வேட்டி எந்த அலமாரியில் என்பதே தெரியாது. ஆகவே வேறு வழி கண்டார். தேவகோட்டையில் உள்ள தன் பெயின்ட் கடையிலிருந்து, மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் வழியெல்லாம் பிரேக் போட்டு வீடு வந்து சேர்ந்ததும், இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, பல்லைக் கடித்து, தோள்பட்டை இறங்கும் அளவுக்கு இழுத்து வைத்தார். பெண்பிள்ளை கையால் அதை விடுவிக்கவா முடியும்?

மறுநாளே ஆச்சி காருக்குள் ஏறி, முக்கி முனகிவிட்டு இறங்கினார். "அம்மாடி! அசையமாட்டேங்குதே!"

வயிரவனுக்கு அன்று சோறு இரண்டு மடங்கு இறங்கியது. அதிலிருந்து தினமும் வாசலிலேயே ஆச்சியின் விசாரணை.

"நல்லா இழுத்துட்டீகளா?"

"இழுத்தாச்சு, இழுத்தாச்சு."

"இன்னுங் கொஞ்சம் இழுத்திருக்கலாமோ?"

சவாலா விடுகிறாள்? திரும்பப் போய் பிரேக்கை இன்னும் ஒரு பல் ஏற்றி இறுக்கிவிட்டு வருவார்.

ஒன்றரை மாதத்தில் கார் பழி வாங்கியது. பிரேக்கில் கால் வைத்தால் தடதடதடவென்று உதறல். ஒக்கூர் போய்த் திரும்புவதற்குள் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த முழுப் பாக்கு சீவலாகிவிட்டது.

"பின்னாடியிருந்து வருதுங்க," என்றார் ஆச்சி.

"பேசாம உக்காரு."

ஆச்சி வெற்றிலைப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை கண்டனூரில் வயிரவனின் தங்கை மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. "அம்மான் காருலதான் வருவேன்" என்று அந்தப் பையன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நடுங்குகிற காரில் போய் இறங்கினால், நடுங்குவது மாப்பிள்ளை என்றல்லவா பெண் வீட்டார் நினைப்பார்கள்? வயிரவனுக்குத் தூக்கம் போயிற்று. தூங்கினாலும் கட்டில் உதறுவதுபோல் இருந்தது.

மெக்கானிக் சேவுகன் முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். லைனிங் மாற்றினார். பேரிங்கை இறுக்கினார். உதறியது. சக்கரத்துக்குள் பிரேக் உரசிப் பிடிக்கும் இரும்பு வளையமான டிரம்மையே மாற்றினார். அப்போதும் உதறியது.

"இனிமே நா மாத்துறதுக்கு ரோடுதான் பாக்கி செட்டியாரே," என்றார்.

வியாழக்கிழமை காலை. பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் வயிரவன். இட்லித் தூக்கோடு வந்த ஆச்சி பெருமூச்சு விட்டார்.

"நாஞ் சொன்னா எங்க கேக்கறீக?"

அவ்வளவுதான். ஒன்றரை மாதத்து வயிற்றெரிச்சலும் வெடித்தது. "நீ பெரிய இஞ்சினியரு! எங்க, கண்டுபிடி பாப்பம்! கண்டுபிடிச்சிட்டா சாவிய ஒன் கையில குடுத்துட்டு நான் பின் சீட்டுல உக்காந்துக்கிறேன்!"

"சேவுகண்ணே, கேட்டுக்கிட்டீகளா?"

"காது நல்லாவே கேக்குது ஆச்சி."

ஆச்சி தூக்கைக் கீழே வைத்தார். "பிரேக் போடுறப்ப ஸ்டியரிங் ஒங்க கையில உதறுதா?"

வயிரவன் யோசித்தார். இத்தனை நாளில் யாருமே கேட்காத கேள்வி. "இல்ல... அது பாட்டுக்குத்தான் இருக்கு."

"எனக்கு முதுகெலும்பு கழலுது. முன்சக்கரம்னா ஒங்க கைக்குத் தெரியும். பின்சக்கரம்னா பின்னாடி குந்தியிருக்கிற எனக்குத்தான தெரியும்? கோட்டையூர் ரோட்டுக்கு விடுங்க."

ஆளில்லாத நேர் ரோடு. "மெதுவாவே போங்க. கால் பிரேக்கத் தொடாதீக. ஹேண்ட் பிரேக்கக் கொஞ்சங் கொஞ்சமா இழுங்க. அது பின்சக்கரத்த மட்டுந்தான் பிடிக்கும்."

இழுத்தார். தடதடதட.

முன் சீட்டில் சேவுகன் வாய் பிளந்தார். பட்டறைக்குத் திரும்பியதும் பின்சக்கரத்தைக் கழற்றினார்.

"வட்டமா இருக்க வேண்டிய டிரம்மு முட்டையாட்டம் கெடக்கு! ஓடி வந்த சூடு ஆறுறதுக்குள்ள ஹேண்ட் பிரேக்க வெறி புடிச்சாப்புல இழுத்து நிப்பாட்டிருக்கான். புடிச்ச புடியிலயே ஆறிக் கோணிப்போச்சு. எந்தக் கிறுக்குப் பய பாத்த வேலை செட்டியாரே இது?"

வயிரவன் தரையில் கிடந்த ஸ்பேனர்களை எண்ணத் தொடங்கினார்.

"ஈப்போவுல எங்கப்பச்சி காரும் இப்படி இழுத்து இழுத்துத்தான் போச்சு," என்றார் ஆச்சி, இட்லியை எடுத்து வைத்தபடி.

நல்லா இழுத்துட்டீகளா? இன்னுங் கொஞ்சம் இழுத்திருக்கலாமோ? வயிரவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எடுத்த இட்லியைத் திரும்பத் தூக்கிலேயே வைத்தார்.

சேவுகன் டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து, சாயங்காலம் மாட்டிக் கொடுத்தார். கூடவே ஓர் உத்தரவும்: "ஒரு மாசத்துக்கு ஹேண்ட் பிரேக் பக்கமே போகாதீக. கியருல போட்டு நிப்பாட்டி, சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

வெள்ளிக்கிழமை. கண்டனூரில் பெண் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. நாகஸ்வரம் முழங்க, கார் தண்ணீரில் மிதப்பதுபோல் வந்து, மாப்பிள்ளை மாலையில் ஒரு பூகூட அசையாமல் நின்றது. ஸ்டியரிங்கில் சாலா ஆச்சி. பின் சீட்டில் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு வயிரவன் செட்டியார்.

ஆரத்தித் தட்டு நெருங்கியது. மாப்பிள்ளை கதவில் கை வைத்தான். ஆச்சி திரும்பாமலே, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அம்மான் மொதல்ல எறங்கிக் கல்லு வைக்கட்டும்."