இரண்டு ஐம்பதும் ஒன்றல்ல

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினான்கு வருடமாகச் சதவீதம் நடத்தி வருகிறேன். அந்தச் சதவீதம் தெரியாமல்தான் என் தங்கை கல்யாணத்தை நாறடித்தேன். (நாறடித்தேன் என்பதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அப்போது எனக்கு முப்பது வயது. சுண்ணாம்புக்குளத்தில் வீடு, ஆரம்பாக்கத்தில் பள்ளி, போய்வர ஒரு பழைய வெள்ளைக் கார். எங்கள் நைனா ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து என்னைப் படிக்க வைத்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். முதல் காரும் என்னுடையது. ஒரு மனிதனைக் கெடுக்க இந்த இரண்டே போதும். போதாததற்குக் கைப்பேசியில் கார் வீடியோ பார்க்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

அந்த வீடியோக்களில் வரும் கார்களுக்கு முன் சக்கரம் ஒல்லியாகவும் பின் சக்கரம் அகலமாகவும் இருக்கும். 'ஸ்டாகர்டு' என்று பெயர். (தள்ளாடுவது என்றும் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டென்று அகராதி சொன்னது. நான் அகராதியைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு.) தங்கை ஸ்டெல்லாவுக்கு எளாவூர் மாப்பிள்ளை டேவிட்டோடு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளையைச் சர்ச்சுக்கு அழைத்து வருவது என் கார்தான் என்று முடிவானது. அந்தக் கார் மற்ற கார்களைப் போல இருக்கலாமா? நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பாய், வயதானவர், பொறுமைசாலி. இந்த வண்டிக்கு இழுவை முன் சக்கரத்தில்தான், பின்னால் அகலம் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். அழகு ஒரு பிரயோஜனம் இல்லையா என்று கேட்டேன். சரி என்று அளவுகளைச் சொன்னார். முன்னால் 195-க்கு 50. பின்னால் 225-க்கு 45.

அங்கேதான் நான் வாத்தியாரானேன். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது எண் உயரம். இது எனக்கு வீடியோவிலேயே தெரியும். முன்னால் ஐம்பது, பின்னால் நாற்பத்தைந்து என்றால் பின்பக்கம் தாழ்ந்துவிடாதா? இரண்டும் ஐம்பதாக இருந்தால்தானே கார் மட்டமாக நிற்கும்? அப்படியில்லை என்று பாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் அவருடைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இன்னா வேல பண்றீங்க சார்?"

"கணக்கு வாத்தியார்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

இரண்டு ஐம்பதும் போட்டாயிற்று. கார் மட்டமாக நிற்கவில்லை. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கோழி குனிந்து பொறுக்குவது போல நின்றது. கார் வந்த அன்று நைனா அதை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கே இடித்தாய் என்று கேட்டார். பந்தயக் கார்கள் இப்படித்தான் நிற்கும் என்றேன். ஒரு வாரம் அதில் தனியாகப் பள்ளிக்குப் போய்வந்தேன். எந்தச் சத்தமும் இல்லை, எந்தக் கோளாறும் இல்லை. தனியாகப் போனதால்தான் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை காருக்கு மல்லிகைச் சரம் கட்டி எளாவூர் போனேன். மாப்பிள்ளையின் தாய்மாமா முன் சீட்டில் ஏறினார். அவர் ஏறியதும் முன்பக்கம் இன்னும் குனிந்தது. பின்னால் டேவிட், அவருடைய அம்மா, பெரியம்மா. அம்மாவும் பெரியம்மாவும் திடகாத்திரமானவர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

தெரு முனை வேகத்தடையிலேயே பின்னாலிருந்து 'டர்ர்' என்று ஒரு சத்தம். புது டயர், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். அடுத்த பள்ளத்தில் இன்னும் நீளமான சத்தம். சுண்ணாம்புக்குளம் சாலை அப்போது பள்ளங்களால் ஆனது, நடுநடுவே கொஞ்சம் சாலை இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் துணி கிழிப்பது போல அலறியது. ரப்பர் கருகும் வாடை வந்தது. இன்னா வாசனை அது என்று பெரியம்மா கேட்டார். வயலில் ஏதோ கொளுத்துகிறார்கள் என்றேன். அவர் சன்னல் வழியே வயலைப் பார்த்தார். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது.

புகை கண்ணுக்கே தெரிந்த பிறகு நிறுத்தினேன். பின் சக்கரங்கள் இரண்டும் மேலே இருந்த தகட்டில் உரசி, டயரின் ஓரம் வழித்து எடுத்தது போல் இருந்தது. பின் சீட்டில் பாரம் ஏறினால் கார் அமுங்குகிறது, அமுங்கினால் உரசுகிறது. அந்த அளவுக்கு எனக்கும் புரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் புரியவில்லை. சம்பந்தி அம்மாவிடம், கல்யாண நாளில், மாலையும் கழுத்துமாக இருக்கும்போது.

பின்னால் கொஞ்சம் லேசானால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னேன். யாரும் அசையவில்லை. தாய்மாமா மட்டும் மெதுவாகத் திரும்பினார்.

"எங்கக்கா கனமா கீறாங்கன்னு சொல்றியா?"

இல்லை மாமா, டயர்தான் என்று உளறினேன். பொண்ணு வீட்டில் எங்களுக்கு இவ்வளவுதான் மரியாதை என்றால் வண்டியைத் திருப்பு, எளாவூருக்கே போவோம் என்றார் அவர். அவர் விளையாடவில்லை. அங்கே ஸ்டெல்லா முக்காடு போட்டுக்கொண்டு காத்திருப்பாள். எட்டு வருடம் இரவும் பகலும் நர்ஸ் வேலை பார்த்து, தன் கல்யாணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் என் பொறுப்பில் விட்டிருந்தாள்.

அதுவரை வாய் திறக்காத டேவிட் கீழே இறங்கினார். பின் டயர் பக்கம் குந்தி, எண்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முன் டயரைப் பார்த்தார். என்னை ஓரமாக அழைத்துப் போய், மாமா காதில் விழாதபடி சொன்னார்:

"மச்சான், அந்த அம்பது உயரம் இல்ல. அகலத்துல அம்பது சதவீதம்."

நான் மனக்கணக்குப் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றைந்தில் ஐம்பது சதவீதம் தொண்ணூற்றேழரை. இருநூற்று இருபத்தைந்தில் நூற்றுப் பன்னிரண்டரை. பின் டயர் மேல்பக்கம் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். ஏழாம் வகுப்புக் கணக்கு. நாற்பத்தைந்து என்று பாய் சொன்னது நூற்றொன்று சொச்சம், கிட்டத்தட்டச் சமம். அவர் சொன்னது சரியாக இருந்தது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்ள என்று கேட்டேன். டயர் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன் என்றார். தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றிக் குடிப்பாரா, கோபம் வருமா, இரவு ஷிஃப்ட் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தோம். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காரைப் பார்த்ததுமே தெரிந்ததாம். கல்யாணத்தன்றைக்கு மச்சானைத் திருத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்தாராம்.

அப்போதுதான் எங்கள் ஊர் முருகேசனின் இறால் வண்டி பின்னால் வந்து நின்றது. முன் சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம். டேவிட் அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"தெரு பூரா சொல்லிட்டு வந்துகீறேன், பூ கட்ன கார்ல போறேன்னு. நான் எறங்க மாட்டேன்."

மாமாவும் இறங்குவதாக இல்லை. ஆகவே மாப்பிள்ளை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு இறால் வண்டியில் ஏறினார். அது ஒன்றுதான் அன்று நடந்த சரியான கணக்கு.

நான் மெதுவாக ஓட்டிக்கொண்டு சர்ச் வாசலுக்குப் போனேன். பேண்டு வாத்தியம் முழங்கியது. புகைப்படக்காரர் ஓடி வந்தார். நைனா பின் கதவைத் திறந்தார். பட்டுப்புடவை சரசரக்க, சம்பந்தி அம்மா மட்டும் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து நிதானமாகக் கும்பிட்டார். நைனா குனிந்து காருக்குள் தேடினார். பிறகு சீட்டுக்குக் கீழேயும் பார்த்தார்.

முருகேசன் என் பின்னாலேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. வழியில் ஒரு கம்பெனியில் நாலு பெட்டி இறால் இறக்க வேண்டியிருந்ததாம், ஐஸ் கரைந்தால் பொறுப்பு அவனுடையதாம். இருபத்தைந்து நிமிடம். ஃபாதர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டனுப்பி, என்ன ஆயிற்று என்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. "அண்ணா, நீ கொஞ்ச நேரம் எங்கியாவது போய் உக்காரு," என்றாள். பதினான்கு வருட உத்தியோகத்தில் தலைமையாசிரியர் யாரும் என்னை அப்படி வலிக்கும்படி பேசியதில்லை.

கடைசியில் டேவிட் வந்தார். பெட்டி இறக்க ஒரு கை கொடுத்திருக்கிறார். வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்க ஐஸ் தண்ணீர். பீடத்தை நோக்கி அவர் நடந்து போக, இரண்டு பக்கமும் பெஞ்சில் இருந்தவர்கள் வரிசை வரிசையாக மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இறால் வாடை புதிதல்ல. ஆனால் மாப்பிள்ளையிடமிருந்து வரும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பூச்செண்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் தொண்டையைக் கனைக்கும் வரை நிறுத்தவில்லை.

மறுவாரமே டேவிட் என்னைப் பாயிடம் அழைத்துப்போய்ப் பழைய சக்கரங்களையே மாட்ட வைத்தார். பாய் நாற்காலி போட்டு, டீ சொன்னார்.

கல்யாண ஆல்பத்தில் 'மாப்பிள்ளை வருகை' என்ற பக்கத்தில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. பூ கட்டிய கார், திறந்த கதவு, கும்பிட்டபடி சம்பந்தி அம்மா. அவர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எளாவூர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அந்த நாளைப் பற்றி முழுத் திருப்தி உள்ள ஒரே ஆள் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு நான் போகும்போதெல்லாம் புதிதாக யாராவது ஒரு விருந்தாளி அந்தப் படத்துக்கு முன் நின்று, மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார். சம்பந்தி அம்மா கேக் தட்டை நீட்டிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார்.

"அத சாரக் கேளுங்க. கணக்கு வாத்தியாரு, நல்லா வெளக்கி சொல்லுவாரு."

நான் நூற்றுத் தொண்ணூற்றைந்திலிருந்து ஆரம்பிப்பேன்.