முந்நூறு மத்துகளுக்கு நன்றி நவிலும் பெருவிழா

மனித குலம் இதுவரை கண்ட நன்றியுணர்ச்சிகளிலேயே தலைசிறந்தது, கசாமி ஊராட்சி அலுவலகத்தின் சுற்றுலா வளர்ச்சிப் பிரிவு, நாலரை மணி நேரக் கூட்டத்தின் முடிவில் ஏகமனதாக நிறைவேற்றிய நன்றியுணர்ச்சிதான். மாட்சா என்னும் பச்சைத்தூள் தேநீரை நுரைக்கக் கடைந்து கடைந்து தேய்ந்துபோன மூங்கில் மத்துகளைக் கோயில் முற்றத்தில் அடுக்கி, மந்திரம் ஓதி, மரியாதையோடு தீயிலிடுவது என்று தீர்மானம். சுவரொட்டி அச்சாயிற்று. தோக்கியோவிலிருந்து துணை அமைச்சர் ஒருவர் வரச் சம்மதித்தார். எரிப்பதற்கு மத்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

கசாமியில் மத்து செய்வார்கள். தேய்வதெல்லாம் வெளியூரில். பழைய மத்துகளைக் கொடுத்துதவுமாறு ஒலிபெருக்கியில் ஒரு மாதம் கெஞ்சியதில் ஏழு வந்து சேர்ந்தன. அவற்றில் இரண்டு, முகச்சவர பிரஷ்.

ஆகவே பிரிவின் துணைத் தலைவர் சவதாரி, ஒரியேயின் பட்டறைக்கு எழுந்தருளினார். மூங்கில் துண்டை எண்பது இழையாகக் கீறி, நுனியை வெந்நீரில் நனைத்து, வெங்காயச் சருகு போல இழைத்தெடுப்பவள் ஒரியே. பள்ளியில் சவதாரிக்கு இரண்டு வகுப்பு மேலே. நாற்பத்தாறு வயதாகியும் அந்த இரண்டு வகுப்பை அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

"அக்கா, முந்நூறு 'பழைய' மத்து வேணும். புதுசா செஞ்சு குடுங்க."

ஒரியே கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லு."

"புதுசா செஞ்ச பழசு."

"அத எப்பிடிப்பா பழசாக்குவ?"

"அதுக்குத் துணைக் குழு போட்டாச்சு. சோயா சாஸ்ல ஊறவெச்சு, மேல ஆபீஸ் வேன ஏத்தலாம்னு சிபாரிசு பண்ணிருக்காங்க."

"அது பழசு இல்ல தம்பி. விபத்து."

சவதாரி மனம் தளரவில்லை. "உங்களுக்குக் கஷ்டம்னா விடுங்கக்கா. வெளிநாட்டுல மெஷின்ல செஞ்சது பெட்டி பெட்டியா வருது. எரிஞ்சா எல்லாம் ஒரே சாம்பல்தான?"

ஒரியேயின் முதுகுக்குப் பின்னால் மூங்கில் அடுக்கியிருந்தது. பனிக்காலத்தில் வெட்டி, வேகவைத்து, வயலில் காயப்போட்டு, மூன்று வருடம் பதப்படுத்தியது. முந்நூறு மத்து செய்தால் அது தீரும். கியோத்தோவில் அவளை நம்பியிருக்கும் தேநீர் ஆசிரியைகளுக்கு இந்த வருடம் கைவிரிக்க வேண்டும். செய்யாவிட்டாலோ, இயந்திரம் துப்பிய குச்சிகள் கசாமி மத்து என்ற பெயரில், மந்திரத்தோடு எரியும். அவள் கத்தியை மறுபடி கையிலெடுத்தாள்.

"செஞ்சு தரேன். ஆனா ஒவ்வொரு மத்தாலயும் நூறு கிண்ணம் கையால கடஞ்சிருக்கணும். கடையாத மத்து ஒண்ணுகூடத் தீக்குப் போகக் கூடாது. எழுதிக் குடு."

படிக்காத காகிதத்தில் முத்திரை குத்துவது சவதாரிக்குக் கைவந்த கலை. குத்தினார்.

ஜனவரியில் முந்நூறும் போய்ச் சேர்ந்தன. அன்று தொடங்கியது அலுவலகத்தின் பொற்காலம். காலை எட்டரைக்கெல்லாம் பதினோரு ஊழியர்களும் கிண்ணத்தோடு அமர்ந்தார்கள். அரசு ஊழியர்கள் நுரை தள்ள உழைத்த காட்சியைக் கசாமி மக்கள் அப்போதுதான் கண்டார்கள். கடைந்ததைக் கொட்டுவது தணிக்கைக்கு ஆகாது என்பதால் குடிக்கவும் வேண்டியிருந்தது. எல்லோர் நாக்கும் பச்சை. மதிய உணவுக்குப் பின் ஒருவர்கூடத் தூங்கவில்லை, முடியவில்லை.

"சார், தெருக் குழாய் ஒடஞ்சு மூணு நாளாச்சு" என்று வந்தார் ஒருவர்.

"உக்காருங்க. மொதல்ல ரெண்டு கிண்ணம் குடிங்க."

"போன வாரந்தான் நாலு குடிச்சேனே?"

"அது கொழந்தையோட பிறப்புப் பதிவுக்கு. கொழாய்க்குத் தனி."

சவதாரியின் மணிக்கட்டு வீங்கியது. 'பணியின்போது நேர்ந்த வீரக்காயம்' என்று குறிப்பெழுதி, கட்டுப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் கடைவதை மேற்பார்வை செய்யும் பொறுப்புக்கு உயர்ந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரியே போய்ப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் போட்டுக் கறகறவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பானையில் கரி சுரண்டுவது போல. அப்படியும் மத்துகள் நுரை கொடுத்தன. பொல்லாத மாமியார் வீட்டில் பெண்ணைக் கொடுத்த தாய்க்கு, அவள் அங்கேயும் நல்ல பேர் எடுத்தாள் என்று கேட்டால் எப்படியிருக்கும்? ஒரியேக்குப் பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஏப்ரலில் விழா. செர்ரிப் பூ உதிர்ந்தது. அதற்கும் அலுவலகமே பொறுப்பு என்பது போல் சவதாரி புன்னகைத்தார். பக்கத்து ஊர் தேநீர் ஆசிரியை நிஷிவாக்கி, ஒற்றை மத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். இழைகள் பாதி ஒடிந்து, மிச்சம் தேநீர்க் கறையேறி வளைந்திருந்தன.

வரவேற்பு மேசையில் கேட்டார்கள்: "பதிவு எண்?"

"எண்ணெல்லாம் இல்லீங்க. நாலு வருஷமா என் வீட்ல கடஞ்சது. எங்க வீட்டுக்காரர் கடைசியா குடிச்ச கிண்ணம் இதுலதான்..."

"மன்னிக்கணும்மா. 'உண்மையான' பழைய மத்து மட்டுந்தான் சேத்துக்குறோம். முந்நூறும் பூர்த்தியாயிருச்சு."

பக்கத்தில் நின்ற ஒரியே விறுவிறுவென்று குவியலுக்குப் போனாள். மேலே இருந்த ஒன்றை எடுத்துத் தன் கிமோனோ கைக்குள் போட்டுக்கொண்டாள். நிஷிவாக்கியின் மத்தை வாங்கி அந்த இடத்தில் வைத்தாள்.

"இப்ப எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். முந்நூறு. மேசைக்குப் பரம திருப்தி. நிஷிவாக்கி ஒரியேயின் முன்னால் குனிந்து வணங்கினாள்.

பிக்கு மந்திரம் ஓதினார். தீ மூட்டினார்கள். மூங்கில் படபடவென்று வெடித்தது. பதினோரு ஊழியர்களும் மேடையில், மார்பில் காகிதப் பூவோடு வீற்றிருந்தார்கள். உழைப்பின் பெருமையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசிய துணை அமைச்சர், கேமராக்கள் வசதியாகத் திரும்பும்வரை காத்திருந்து, ஒலிவாங்கியை ஒரியேயிடம் நீட்டினார்.

"உங்க கையால செஞ்சது கண்ணு முன்னால எரியுது. மனசு வலிக்குமே அம்மா?"

சவதாரி, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"வலிக்கத்தாங்க செய்யுது" என்றாள் ஒரியே. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா இந்த ஆபீஸப் பாக்குறேன். வேல செஞ்ச மத்தெல்லாம் தீயில கெடக்கு. மத்ததெல்லாம் மேடையில உக்காந்திருக்கு."