குலாயே வீட்டடிப் பாதாளம்

நாமியாலா ஊர் மில்லில் அந்த வாரம் சோளம் அரைக்க வந்தவர்களைவிடப் பாதாளம் பார்க்க வந்தவர்களே அதிகம். ஒரு கையில் மூட்டை, மறு கையில் தலைகீழாகத் தொங்கும் கோழி. வரிசை சாலைவரை போய் வளைந்து மறுபடி மில்லுக்கே திரும்பிவிட்டது. கடைசி ஆள் முதல் ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஊரில் மின்சாரம் இருந்தது மில்லில் மட்டும். மின்சாரம் இருந்தால்தான் புரொபசர் சலிமோன்யோவின் மடிக்கணினிக்கு அருள் வரும்.

மூன்று மாதத்துக்கு முன் நீர்வள அலுவலகத்தார் கம்பி இழுத்து, எந்த இடத்தில் எத்தனை மீட்டரில் தண்ணீர் என்று அளந்துபோனார்கள். ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண். தலைவி நசிபேக்கோவிடமும் அதில் ஒரு பிரதி கொடுத்தார்கள். திறந்தால் வரிவரியாக எண்கள்தான். "எறும்பு மாவுல ஊர்ந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பென்டிரைவைச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

அப்போதுதான் புரொபசர் வந்து சேர்ந்தார். சோம்பா நகரத்தில் மேப்பு போடும் அலுவலகம் ஒன்றில் ஆறு மாதம் கேட்டைத் திறந்து மூடிய பெரிய படிப்பு அவருக்கு. "எண்ணை அப்படியே மேப்புக்குள்ள விட முடியாது தாயி. பூமிக்கடியில இருக்கிறவங்க கோவிச்சுக்குவாங்க" என்றார். தலைவியின் பென்டிரைவைச் செருகிச் சாவிப்பலகைமேல் மாவு தூவினார், முணுமுணுத்தார், தட்டினார். எண்கள் மறைந்து, நீலமும் பச்சையுமாக ஊர்ப்படம் எழுந்தது. மூன்று மூதாட்டிகள் கைதட்டினார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார், பசியாகவும் இருக்கலாம்.

படத்தில் அங்கங்கே கன்னங்கரேலென்று கட்டங்கள். புரொபசர் ஒன்றைத் தொட்டார். கழித்தல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது!

"பத்தாயிரத்துக்கு ஒரு மீட்டர் கம்மி. பாதாளம். பாம்பு படுத்திருக்கு. வீட்டோட முழுங்கும்."

கோழி கொடுத்தவர்களின் கட்டத்தில் அவர் ஏதோ தட்டுவார், கறுப்பு பச்சையாகும். குழி தூர்ந்தது! வீட்டுக்காரர் போய்த் தரையைத் தட்டிப் பார்த்து, "ஆமாய்யா, கெட்டியாத்தான் இருக்கு" என்று வந்து சொல்வார். நேற்றும் அது கெட்டியாகத்தான் இருந்தது. நேற்று யாரும் தட்டவில்லை.

குலாயே வீட்டடியில் இருந்ததுதான் ஊரிலேயே பெரிய பாதாளம். நான்கு கட்டம். அதைத் தூர்க்கக் கோழி போதாது, ஆடு வேண்டுமாம். குலாயேவிடம் இருந்தது ஒரே ஆடு, அதுவும் சினை. கொடுக்காவிட்டால், சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று தலைவி உத்தரவு போட்டுவிட்டார்.

சனிக்கிழமையும் வந்தது. குலாயே ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஆடு முன்னால் நின்றவரின் சோளத்தை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் லாபம் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்கு முன்னோடியாக, சைக்கிளில் வந்து இறங்கினாள் தமந்தானி. அன்றைக்குக் கம்பி இழுத்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

"என்ன குலாயே ஐயா, ஆட்டோட மில்லுக்கு? அரைக்கவா போறீங்க?"

"சிரிக்காதம்மா. என் வீட்டுக்கடியில பாதாளம்."

"உங்க வீட்டுலயா? நாங்க அங்க அளக்கவே இல்லியே! உங்க நாய் விட்டாத்தானே?"

குலாயேவின் நாய்க்கு 'முட்சாதோபா' என்று பெயர். 'ஓய்ஞ்சு போவீங்க' என்று அர்த்தம். நாயைக் கட்டிப்போடு என்று ஓயாமல் சண்டை பிடிக்கும் பக்கத்து வீட்டார் காதில் விழவென்றே வைத்த பெயர். அளக்க வந்தவர்கள் அன்று உண்மையிலேயே ஓய்ந்துதான் போனார்கள்.

தமந்தானி படத்தை உற்றுப் பார்த்தாள். "இந்தக் கறுப்பு அன்னிக்கு எழவு விழுந்த வீடு, அங்க யாரு வேலை பார்ப்பா? அது சாராயம் விக்கிற அம்மா வீடு. நாங்க அளக்கத்தான் போனோம், ஆனா... சரி விடுங்க. இந்த நாலு கட்டம், முட்சாதோபா துரத்தின தூரம். அளக்காத எடத்துக்கு அந்தக் கழித்தல் நாலு ஒன்பதைத்தான் போடுவோம்."

கூட்டம் நம்பவில்லை. "பொண்ணே, படத்துலயே குழி தெரியுது!" என்றது. புரொபசர் புன்னகைத்தார்.

"அப்ப நானும் ஒரு குழி வெட்டிக் காட்டவா?" அவள் மடிக்கணினியில் அந்த எண்களின் கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்தாள். விரலால் வரிசை எண்ணி, கட்டம் எண்ணி, ஓரிடத்தில் பத்தொன்பது என்று இருந்ததை அழித்துவிட்டு, நான்கு ஒன்பதும் ஒரு கழித்தல் குறியும் போட்டாள். மாவு தூவவில்லை. மேப்புக்குள் இழுத்துவிட்டாள்.

ஊரின் வடகோடியில் பளிச்சென்று ஒரு கறுப்பு. புரொபசர் தங்கியிருந்த வீடு.

"ஐயோ, புரொபசர் வீட்டுலயும் பாம்பு!" என்று கத்தினார்கள்.

தலைவி எழுந்தார். "புரொபசர், பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலிபண்ணுங்க. சட்டம்னா எல்லாருக்கும்தான்."

"இல்லாட்டி ஆடு கொண்டாங்க" என்றார் குலாயே. அந்த வாரத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

புரொபசருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பைத்தியமா உங்களுக்கு? அவ இப்பத்தானே தட்டினா! அது வெறும் நம்பர்! எழுதினா குழி வந்துருமா?"

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. கோழிகள்கூட அவரைத் தலைகீழாகப் பார்த்தன.

தமந்தானி கோப்பின் தலைப்பக்கம் காட்டினாள். "மேல ஆறு வரி இருக்கு. எத்தனை கட்டம், எந்த மூலையில ஆரம்பிக்குதுன்னு. ஆறாவது வரி, 'இந்த எண் வந்தா அளக்கலைன்னு அர்த்தம், வெத்தா விடு'ன்னு மேப்புக்குச் சொல்ற வரி. இங்க பாருங்க, கடைசி ஒன்பதை எட்டாக்கி வச்சிருக்காரு. மேப்புக்குக் குறி தெரியல, நெஜ ஆழம்னு நெனச்சிருச்சு."

எட்டை ஒன்பதாக்கினாள். கறுப்பெல்லாம் மறைந்து வெறும் வெள்ளை. முப்பத்தோரு கோழியைத் தின்ற பாம்பு ஒரே எழுத்தில் செத்தது.

குலாயே ஆட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டு திரும்பினார். புரொபசர் அவருக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தார். பரபரப்பில் குறுக்குவழியாகக் குலாயே வீட்டு முற்றத்தில் புகுந்தார். நான்கு கட்டத் தூரம் முட்சாதோபா அவரை விரட்டியது. அதற்கப்பால் அவரே ஓடிக்கொண்டார்.

"தாயி, இனிமே வர்றவனை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று தலைவியிடம் யாரோ கேட்டார்கள்.

நாமியாலாவில் அறுநூறு பேர். புதிதாக வருகிறவனை 'நீ யார், எதற்கு வந்தாய்?' என்று குரைத்துக் கேட்டது ஒரே ஒரு ஜீவன். அதைத்தான் அவர்கள் கட்டிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.