இரண்டு கொப்பரையும் ஒரு பேரரசரும்

ரைன் கரைப் பேராலயத்தின் தலைமைக் கோயிற்பிள்ளையும், என் மனைவியின் மூத்த சகோதரரும், எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவனுமான மச்சான் ரைமார் அவர்களின் சமுகத்துக்கு, பேரரசரின் சமையல் அதிகாரி ஓர்ட்வின் முழங்காலில் நின்று எழுதச் சொல்லும் கடிதம்.

இவ்விடம் எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்கச் சொன்னேன். எழுதுகிற சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறகை மையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆகையால் நலத்தை விட்டுவிடுவோம். உங்கள் மூட்டுவலிக்கு வாத்துக் கொழுப்பு தடவி வருகிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தச் சாமியாரைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். மலையடிவார மடத்தில் மௌன விரதம் இருப்பவர். ஒரு வாத்து கொடுத்தேன், எழுதுகிறார். யாரிடமும் பேச மாட்டார். அவருடைய வாய் விரதத்தில் இருக்கிறது, என்னுடைய வாய்தான் இப்போது எனக்கு எமன்.

மச்சான், பேரரசர் போய்விட்டார். லம்பார்டி நாட்டிலிருந்து மலை தாண்டி வரும்போதே காய்ச்சல். கூட வந்த மூன்று ஆயர்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், ஒருவர் ரத்தம் எடுக்கச் சொன்னார், ஒருவர் பட்டினி போடச் சொன்னார், மூன்றாமவர் எடுத்த ரத்தத்துக்கு ஈடாக நிறையச் சாப்பிடச் சொன்னார், மனிதர் மூன்றையும் செய்துவிட்டுக் கண்ணை மூடினார். தன் தகப்பனார் பக்கத்தில், உங்கள் பேராலயத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். ஆகஸ்ட் மாதம். ரைன் எங்கே, நாங்கள் எங்கே! நாளாக ஆக, கூடாரத்துக்குள் ஜெபம் செய்யப் போனவர்கள் எல்லோரும் சட்டைக் கையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜெபித்தார்கள், பக்தி அதிகம் என்று வெளியில் நின்றவர்கள் நினைத்தார்கள். நல்ல எஜமான் மச்சான். ஒரு நாளும் உப்பு கூட, குறைய என்று சொன்னதில்லை. நான் அழுதேன் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

ஆண் வாரிசு இல்லாதது உங்களுக்குத் தெரியும். எனவே உடல் ஆறுவதற்குள் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் தம்பி, வெர்ன்ஹெர் பிரபு. இன்னொருவர் மருமகன், எக்பெர்ட் பிரபு. நம் நாட்டில் ராஜாவைத் தேர்ந்தெடுப்பது பிரபுக்களும் ஆயர்களும் என்று பெயர்தானே தவிர, போன ராஜாவை யார் சுமந்து வந்து குழியின் தலைமாட்டில் நிற்கிறானோ அவன் தலையைத்தான் அத்தனை பேரும் பார்ப்பார்கள், கிரீடம் அளவு சரியாக இருக்குமா என்று. ஆக இருவருக்கும் பிணம் வேண்டும். உயிரோடு இருந்தபோது அந்த மனிதரோடு ஒரு வேளை உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டவன் இவர்களில் ஒருவனும் இல்லை.

தூரத்தில் சாகிற நம் பெரிய மனிதர்களை ஊருக்குக் கொண்டுவரும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. கொதிக்க வைத்து, சதையை அங்கேயே ஒரு கோயிலில் அடக்கம் செய்துவிட்டு, எலும்பை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது. தெரியும் என்பது வேறு, செய்வது வேறு. அதற்குத் தனி ஆள் இருப்பான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உடல் வெர்ன்ஹெர் பிரபுவின் காவலில் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓர்ட்வின், உங்கிட்ட இருக்கிறதுலயே பெரிய கொப்பரை எது?"

"ஒரு முழு மான் படுத்துப் புரளும் பிரபு."

"எங்க அண்ணன் மானைவிட நீளமாச்சே."

"காலை மடக்கிக்கலாம் பிரபு," என்று சொல்லிவிட்டேன் மச்சான், தொழில் புத்தி. சொன்ன பிறகுதான் என் வாயைப் பற்றி எனக்கே நடுக்கம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. "உன் பையன் கெருங் நல்லா குதிரை ஏறுவானாமே, எங்கூட வரட்டும்" என்றார்.

"ஐயா, அவனுக்குப் போன அறுவடைக்குத்தான் கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி முழுகாம இருக்கா."

"அப்ப நீ இன்னும் கவனமா சமைப்பே. பேராலயத்துல எல்லாப் பிரபுக்கள் முன்னாலயும் பெட்டியைத் திறப்போம். எங்க அண்ணன்ல எந்த எலும்பு குறையுதோ, அதை உன் பையன்ல எடுத்து வச்சு நிரப்பிக்குவோம். புரியுதா?"

புரியாமல் என்ன? கெருங் என்னைத் திரும்பிப் பார்த்தான். "விடுங்கப்பா, ரைமார் மாமா ஊருக்குத்தானே போறோம், மாமா கையால ஒரு வேளை சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று எனக்குத் தைரியம் சொன்னான். என் ஒரே பிள்ளை மச்சான். அவனைக் காவலாளிகளுக்கு நடுவில் குதிரையில் ஏற்றி உட்கார வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டப் போனேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். தண்ணீரும் திராட்சை ரசமும் சரிபாதி. பக்கத்திலேயே இன்னொரு கொப்பரையில் மான் வேக வேண்டியிருந்தது, ஏனென்றால் வெர்ன்ஹெர் பிரபு அன்று மற்ற பிரபுக்களின் ஆட்களுக்கெல்லாம் விருந்து வைத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும், இழவு வீடு என்றாலும் பந்தி நிற்குமா? சாறு கெட்டிப்பட வேண்டும் என்று கால்களைக் குளம்போடு போட்டிருந்தோம். என் உதவியாள் பொப்போவை உங்களுக்குத் தெரியும், என் வயதுக்காரன், ஆனால் மூளை பிறந்த அன்றே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எஜமானின் கொப்பரையிலிருந்து கமகமவென்று வாசனை.

"டேய் பாவி, என்னடா போட்டே?"

"வழக்கமா போடறதுதான்யா. பிரிஞ்சி இலை, கொஞ்சம் மிளகு, வெங்காயம்."

நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள், பிரபுவின் அரண்மனைச் சாமியார் அந்தப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சட்டென்று மண்ணில் விழுந்தார். "நறுமணம்! புனிதர்கள் உடம்புலேருந்து வருமே, அதே நறுமணம்! நம்ம ராஜா புனிதராயிட்டாரு!" என்று அழுதார். பொப்போவும் பக்கத்தில் முழங்காலிட்டான். கையில் வெங்காயத் தோல். அது வெங்காயம் என்று ஒரு சாமியாரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்திருக்குமா?

இந்தப் புகையைப் பார்த்துத்தான் எக்பெர்ட் பிரபு மோப்பம் பிடித்துவிட்டார். மதியப் பூசைக்கு வெர்ன்ஹெர் ஆட்களெல்லாம் போயிருந்த சமயம், ஒரு கூட்டம் குதிரையோடு அடுப்பங்கரைக்கே வந்து நின்றது.

"மாமனாரைக் கொடு," என்றார் எக்பெர்ட்.

"பிரபு, இன்னும் வேகலை."

"வெந்த வரைக்கும் கொடு."

அதற்குள் பூசை முடிந்து வெர்ன்ஹெர் ஆட்கள் ஓடி வந்தார்கள், வாளை எடுத்தார்கள், பொப்போ நீளக் கரண்டியை எடுத்தான், யாரை அடித்தான் என்று அவனுக்கே தெரியாது, ஒரு குதிரை மிரண்டு பின்வாங்கி மான் கொப்பரையை இடிக்க, அது உருண்டு வந்து எஜமானின் கொப்பரையை இடிக்க, இரண்டும் கவிழ்ந்து மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சேறும் சாறுமாக ஓடின. நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் எங்கள் விறகுக்காரன், எந்தப் பிரபுவுக்கும் வேண்டியவன் இல்லை, விறகைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எக்பெர்ட் ஆட்கள் கைக்கு அகப்பட்டதைச் சேணப்பையில் வாரிக்கொண்டு பறந்தார்கள்.

நானும் பொப்போவும் சேற்றில் தவழ்ந்து பொறுக்கினோம். இத்தனை வருஷம் மானை அறுத்தவன்தான், ஆனால் மனிதனைப் பிரித்துப் பார்த்தவனில்லை. மண்டை கிடைத்தது, கடவுளுக்கு ஸ்தோத்திரம். விலாவும் முதுகும் ஏறக்குறையத் தேறின. இடது தொடை எலும்பை மட்டும் காணோம். மானின் குளம்புகளும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் எக்பெர்ட்டின் பையில் போயிருக்க வேண்டும். தொடை என்றதும் எனக்குக் கெருங்கின் தொடைதான் ஞாபகம் வந்தது, சின்னதில் அதைத் தட்டித்தான் தூங்க வைப்பேன். அங்கே வெர்ன்ஹெர் பிரபு பெட்டியை மூடி முத்திரை வைக்க அவசரப்படுத்துகிறார்.

"ஐயா," என்று பொப்போ காதோரம் வந்தான். "நம்ம ராஜா இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு நடப்பாரு இல்ல?"

"ஆமாம்டா, அதுக்கென்ன இப்ப?"

"அப்ப இது பொருந்தும்யா," என்று மானின் தொடை எலும்பை நீட்டினான்.

வைத்துவிட்டேன் மச்சான். முத்திரையும் விழுந்தது. பெட்டியும் போயிற்று, அதன் பின்னாலேயே என் பிள்ளையும் போனான்.

இப்போது என் பிழைப்பு உங்கள் கையில். பெட்டி திறந்ததும் எலும்புகளைத் திராட்சை ரசத்தில் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றும் உரிமையும், இது பேரரசர்தான் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்யும் கடமையும் கோயிற்பிள்ளைக்குத்தான். வெர்ன்ஹெர் பிரபுவின் பெட்டி வரும்போது திரையை நன்றாக இழுத்துவிட்டு நீங்கள் மட்டும் கழுவுங்கள். இடது தொடையைத் துணிக்கு அடியில் போட்டு மண்டையை மேலே வையுங்கள், பெரிய மனிதர்கள் மண்டையைத் தாண்டிப் பார்ப்பதில்லை. எக்பெர்ட் பிரபுவும் ஒரு பெட்டியோடு வந்து இதுதான் பேரரசர் என்பார். அதில் ஒரு தொடை எலும்பைத் தவிர மற்றதெல்லாம் மான், குளம்பு உட்பட. அந்தக் குளம்பை எல்லா ஆயர்களும் பார்க்கும்படி உயரத் தூக்கிக் காட்டுங்கள். அவர் மானம் போய் ஓடுவார், வெர்ன்ஹெர் ராஜாவாவார், கெருங் வீட்டுக்கு வருவான். பொய் சாட்சி பாவமென்று நீங்கள் தயங்குவீர்கள், எனக்குத் தெரியும். அத்தனை பாவத்தையும் என் கணக்கில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு பேரரசரை வெங்காயம் போட்டு வேக வைத்தவன் நான், இனி இது ஏறியா நான் முங்கப்போகிறேன்?

உங்கள் தங்கை மெக்டில்டுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். பையன் ராஜ ஊர்வலத்தில் முன்வரிசையில் போகிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், பெருமையில் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். பெரிய அண்ணியாருக்கும் பேராலயத்து மூத்தவர்களுக்கும் என் வணக்கம், உங்கள் மருமகள்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். பரமபிதாவும் சகல புனிதர்களும், வேண்டுமென்றால் எங்கள் பழைய எஜமானும் சேர்ந்து, உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அடுப்பை இன்னும் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருக்கும்,
ஓர்ட்வின்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது ஒன்றையும் செய்துவிடாதீர்கள். கடிதத்தை மடித்து மெழுகு முத்திரை வைக்கப் போகும்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குதிரைக்காரன் வந்தான். வெர்ன்ஹெர் பிரபுவைப் படகுத்துறையில் வளைத்துவிட்டார்களாம். மொட்டையடித்து ஏதோ ஒரு மடத்தில் தள்ளியாயிற்று. அவர் பெட்டியைப் போலி என்று சொல்லி எக்பெர்ட் பிரபு ரைனில் வீசிவிட்டார். எங்கள் எஜமானின் மண்டை, விலா, முதுகு எல்லாம் இப்போது மீனுக்கு. வெர்ன்ஹெர் பிடித்து வைத்திருந்த பிணையாட்களைக் கொல்லவில்லை, குதிரைகளோடும் கூடாரங்களோடும் சேர்த்து எக்பெர்ட் எடுத்துக்கொண்டாராம். ஆக, கெருங் இப்போது அவர் கையில். மான் பெட்டிதான் பேரரசர். திரையை இழுத்துவிட்டுக் கழுவுங்கள், குளம்பை அடியில் மறைத்துவிடுங்கள், தலை எங்கே என்று யாராவது கேட்டால் புனிதராகிவிட்டதால் ரோமாபுரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள், நறுமணத்துக்கு அந்த அரண்மனைச் சாமியார் சாட்சி இருக்கிறார். ஆனால் சத்தியம் செய்ய நற்கருணைப் பெட்டிமேல் கை வைப்பதற்கு முன்னால், பிணையாட்கள் வரிசையைத் திரும்பி ஒரு முறை நன்றாகப் பாருங்கள். கெருங் அங்கே நின்றால், முழுதாக நின்றால், அது பேரரசர்தான் என்று உரக்கச் சொல்லுங்கள். அவன் இல்லையென்றால், எலும்புப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுங்கள் மச்சான். குளம்பு அடியில் இருக்கும். எடுத்து எல்லோருக்கும் காட்டுங்கள்.