கதண்டும் மாமனாரும் நூற்று நாற்பத்து மூன்று படங்களும்

பயந்தாங்கொள்ளி என்று என்னை யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. சாட்சி இருக்கும்போது எப்படி மறுப்பது? அந்தச் சாட்சி என் மாமனார்.

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது: பூச்சிகளின் முகத்தைப் பூதாகரமாகப் படமெடுப்பது. லென்ஸைப் பூச்சியின் மூக்கருகே கொண்டுபோனால் (பூச்சிக்கு மூக்கு ஏது என்று கேட்காதீர்கள்) ஒரு மயிரிழை ஆழம்தான் தெளிவாக விழும். அதனால் கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருநூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கி, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். அதுவரை எதுவும் அசையக்கூடாது. எங்கள் வீடோ சங்ககிரியில், ரோட்டின் மேலேயே. ஒரு லோடு லாரி போனால் மேஜையே நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கொஞ்சம் அடங்கும்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை கதண்டு ஒன்று சிக்கியது. கட்டைவிரல் நீளக் குளவி. பாட்டிலில் பிடித்து ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு நாளாவது இருந்தால்தான் சாகும் என்று படித்திருந்தேன். அரை மணியில் என் மனைவி கவிதா வந்துவிட்டாள்.

"மீன் வெக்கிற எடத்துல இதென்னங்க கருமம்? எடுக்கறீங்களா, நானே தூக்கி எறியட்டுங்களா?"

எடுத்தேன். அசைவில்லை. செத்துவிட்டது என்று நானே டாக்டராகி முடிவு செய்து, ஊசி முனையில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டி நிறுத்தினேன்.

லைட்டைப் போடும்போது சேந்தமங்கலத்திலிருந்து மாமனார் வந்து நின்றார். முந்தின வருஷம் தென்னந்தோப்பில் கதண்டு கொட்டி மூன்று நாள் ஐசியுவில் கிடந்த மனிதர். இன்னொரு கொட்டு பட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"செத்துருச்சுங்களா மாப்ள?"

"நேத்தே செத்துருச்சுங்க மாமா." (வாய் கூசாமல் சொன்னேன்.)

பெண் கொடுத்தவர் வீடு தேடி வந்தால் முதலில் தண்ணீர், அடுத்து ஃபேன் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. நான் ஃபேனை நிறுத்திவிட்டு, கட்டிலில் காலைத் தூக்கி வைத்து அசையாமல் உட்காரச் சொன்னேன். சித்திரை வெயில். மகள் வாழ்கிற வீடாயிற்றே என்று அவரும் வேர்த்து ஊற்ற உட்கார்ந்தார்.

நூற்று இருபதாவது படத்தில் கதண்டின் மீசை நகர்ந்திருந்தது.

"மாமா, காலை ஆட்டாதீங்க."

"நா ஆட்டலீங்க மாப்ள."

நூற்று முப்பதில் மறுபடியும் நகர்ந்தது.

"மாமா!"

"சாமி சத்தியமா ஆட்டலீங்க."

நூற்று நாற்பத்து மூன்றாவது படம் வந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் அரிவாள் அளவுக்குத் தெரிந்த தாடை மெல்லத் திறந்தது. லைட்டின் சூட்டில் உயிர் திரும்பியிருக்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள் பசையைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மாமனாரின் இடது தோளில், கழுத்தை ஒட்டி உட்கார்ந்தது.

அவர் அசையவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"மாப்ள," என்றார், உதடு பிரியாமல். "இப்பவும் நா ஆட்டலீங்க."

ஐயோ, இந்த மனுஷன் செத்தால் என்னால்தானே! அவரைக் காப்பாற்ற ஏதாவது செய்தாக வேண்டும். என் கால்கள் உடனே செய்தன. பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். வெளியே கவிதா ஓடிவரும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில்தான் எனக்குப் பாதி உயிர் போனது. அடுத்து அவள் அலறினால் எல்லாம் முடிந்தது. நான் சொன்ன பொய்யை நினைத்து நிஜமாகவே அழுதேன்.

கதவு தட்டப்பட்டது. மாமனார் குரல்.

"மாப்ள, ஒண்ணும் ஆவுலீங்க. கவிதா டம்ளரைக் கவுத்து, பத்திரிகைய அடியில சொருகிப் புடிச்சுருச்சு. பயப்படாம வெளிய வா சாமி."

போன வருஷம் அவர் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தபந்தம் அத்தனையும் பின்னால் வர, ஒவ்வொரு அறையாகக் காட்டினார். பாத்ரூம் வந்ததும் நின்று, கனமான பித்தளைத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுக் காட்டினார்.

"இது நம்ம மாப்ளைக்குன்னே போட்டதுங்க. உள்ள ரெண்டு பேரு தாராளமா நிக்கலாமுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க மாப்ள."