ஐம்பத்து மூன்று மணிச் சட்டம்

அன்பரே, கோபம் மூளும் கணத்தில் உமக்குள் முதலில் வாய் திறப்பது எது? விசுவாசமா, உணர்ச்சியா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லும்.

இதே கேள்வியை இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, திருநீற்றுப் புதனன்று, நெற்றிச் சாம்பல் உதிருமுன் என் மனைவி ஏலேனிடம் கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் ஒரு சட்டத்தையும் எழுதி அவள் கையில் கொடுத்தேன். கோபம் கொண்டவர் பேசலாகாது. திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் மண்டியிட்டு, ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை முடித்தே வாய் திறக்கலாம். இடையில் கோபம் திரும்பினால் மீண்டும் முதல் மணி.

சட்டம் புனிதமானது. காரணம் அத்தனை புனிதமன்று. ஞாயிறுதோறும் நான் பெத்தாங் ஆடப் போவேன். இரும்புக் குண்டை வீசிச் சிறு மரக் குண்டின் அருகே சேர்க்கும் அந்தப் பிரெஞ்சு விளையாட்டு என் உயிர். நான் பையைத் தொட்டதும் ஏலேனுக்குக் கோபம் வரும். உழவர்கரையில் கால் முறிந்து கிடக்கும் அவள் அக்காவைக் போன கிறிஸ்துமஸுக்கே பார்க்கப் போகலாமென்று வாக்களித்திருந்தேன்; இன்னும் போகவில்லை.

முதல் ஞாயிறு.

"எங்க கிளம்பிட்டீங்க? அக்கா வூட்டுக்கு..."

"கோபமா, ஏலேன்?"

முறைத்தாள். மண்டியிட்டாள். அவள் பத்தாம் மணியைத் தொடுமுன் நான் தெருமுனையைத் தொட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. மூன்றரைக்குப் பையைத் திறந்தேன். காலி.

"ஏலேன்! என் குண்டுங்க எங்க?"

"பக்கத்து வூட்டு தாமரைச்செல்வி மாடியில வத்தல் போட்டுச்சு. துணி பறக்குதுன்னுச்சு. மூணு மூலைக்கு வைக்கக் குடுத்தேன்."

"வத்தலுக்கா! பாரீஸ்லேர்ந்து வந்த குண்டுடீ அது!"

"நாலாவது மூலைக்குச் செங்கல்லு வச்சுதுங்க. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"உனக்கு அறிவு..."

"கோபமாங்க?"

மண்டியிட்டேன். இருபதாம் மணியில் தொலைபேசி ஒலித்தது. எங்கள் அணித்தலைவர் பெர்னார். ஏலேன் எடுத்தாள்.

"அண்ணே, அவரு செபத்துல இருக்காரு. இல்லண்ணே, எழுப்பக்கூடாது, அவரே போட்ட சட்டம். வேற ஆள சேத்துக்குங்க."

என் காதுகள் கொதித்தன.

"மூக்கு செவக்குதே. முதல் மணியிலேர்ந்துங்க."

நாற்பதாம் மணியில் கட்டிலுக்கடியிலிருந்து மூன்று குண்டுகளையும் எடுத்துவந்து என் முன் அடுக்கினாள். "வத்தல் காத்தாலயே அள்ளியாச்சு."

மீண்டும் முதல் மணி.

கடைசி ஆமென் சொன்னபோது மணி நாலரை.

"இதெல்லாம் யாருடீ சொல்லிக்குடுத்தது?"

"போன வாரம் நெசமாவே கோபந்தாங்க. பையத் தூக்கிக் கெணத்துல போட்டுடலாம்னு இருந்தேன். நீங்க சொன்னாப்புல செபம் பண்ணேன். முப்பதாவது மணியில மனசு அடங்கிடுச்சு. கத்தாமலே உங்கள அக்கா வூட்டுக்கு இட்டுப் போவ வழி தெரிஞ்சுது."

கவனித்தீரா, அன்பரே? அவள் கோபத்தை ஆண்டவரிடம் கொண்டுபோனாள். நானோ அவள் வாய்க்குப் பூட்டாக ஆண்டவரையே மாட்டப் பார்த்தேன். செபம் கேட்கப்பட்டது, அவளுடையது.

அன்று மாலையே உழவர்கரை போனோம். அக்கா கோலூன்றி வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?"

ஆகையால், நாளை என்று தள்ளாதீர். பிறர் கோபத்தை விட்டுவிட்டு, உம்முடையதை இன்றே மண்டியிடச் செய்யும். மனைவிக்கென்று சட்டம் ஏதும் எழுதியிருந்தால், அவள் அதைக் கண்ணாடி போட்டு ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டுமுன், இன்றே, இப்போதே கிழித்துவிடும். என் வீட்டில் மாட்டியாகிவிட்டது.