மலையுச்சியில் சூடான தெம்பே

"அப்பா, இது சூடா இல்ல."

காதைப் பிய்க்கிற காற்றில், குன்றின் உச்சியில் நின்றுகொண்டு லாரஸ் தீர்ப்புச் சொன்னாள். வீட்டில் பொரித்து, துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு அப்பா துகியோ ஏறி வந்த தெம்பே என்ற சோயாப் பண்டம் ஜில்லென்று ஆகியிருந்தது.

தியங் மலையில் தலைமுடி தானாகத் திரிந்து சடை விழுந்த பிள்ளைகள் ஒரு ஆசை சொல்வார்கள். அதை அப்படியே நிறைவேற்றிய பிறகுதான் சடையை வெட்டலாம். இம்மி பிசகினாலும் சடை திரும்ப முளைக்கும், கூடவே காய்ச்சலும் வரும். லாரஸுக்கு நாளைக் காலையில் சடை வெட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடு கேட்டது. இவள் கேட்டது இதுதான்: "மலையுச்சியில அப்பா அம்மாகூட உக்காந்து சுடச்சுட தெம்பே திங்கணும்."

ஆட்டுக்குத் தப்பித்தோம் என்று துகியோ அப்போது குதித்திருந்தான்.

"லேசா வெதுவெதுன்னு இருக்கே, கண்ணு?"

"இல்ல."

"சடைப்பிள்ளைய ஏமாத்தாதீங்க," என்றாள் மனைவி ருமியாத்தி, பாறையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "கீழ போய் அடுப்பக் கொண்டாங்க. இங்கயே பொரிச்சுடலாம்."

"உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கணும்டி!"

"கிழங்கா, பிள்ளையா?"

துகியோ இறங்கினான். மண்ணெண்ணெய் அடுப்பு, வாணலி, மாவு, தெம்பே எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினான்.

"எண்ணெய் எங்கங்க?"

துகியோ சுமையை இறக்கி வைத்தான். மறுபடி இறங்கினான். எண்ணெயோடு வந்தபோது முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின. அடுப்பைப் பற்றவைத்தால் காற்று அணைத்தது. பற்றவைத்தான், அணைத்தது. தோளில் போர்த்தியிருந்த சாரத்தை விரித்துத் தடுப்பாகப் பிடித்தான். அடுப்பு அணையவில்லை, சாரத்தின் முனை பற்றிக்கொண்டது.

"மிதிங்க, மிதிங்க!"

மிதித்ததில் மாவுப் பாத்திரம் கவிழ்ந்தது. மிச்ச மாவில் ஐந்தே துண்டுதான் தேறியது. கருகிய சாரத்தைத் தடுப்பாகப் பிடித்து நின்றான் துகியோ. ருமியாத்தி பொரித்தாள். லாரஸ் ஒரு துண்டை ஊதி ஊதிக் கடித்தாள்.

"சூடா இருக்கா?"

"நாக்கு சுட்டுடுச்சு!"

துகியோவுக்கு உயிர் வந்தது. பொத்தென்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ஒரு துண்டை அவன் வாயில் வைத்தாள். கீழே மூடுபனி விலகி, பச்சை ஏரி பளிச்சென்று தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் இருவரும் இதே பாறையில் உட்கார்ந்து தெம்பே தின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது. "வருஷா வருஷம் கூட்டிட்டு வரேன்" என்று அன்று வாய் கூசாமல் சொன்னான். அதற்கப்புறம் எட்டு வருஷமாகக் கிழங்குத் தோட்டத்தைத் தாண்டி அவளை எங்கும் அழைத்துப் போகவில்லை. அதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இப்போது மனசு நிறைந்து கிடந்தது.

"நல்ல ஆசையாத்தான் கேட்டிருக்கா நம்ம பொண்ணு," என்றான்.

ருமியாத்தி ஏரியையே பார்த்தாள். கடைசித் துண்டும் அவள் வாய்க்குள் போயிருந்தது.

லாரஸ் விரலைச் சூப்பி முடித்துவிட்டு அம்மாவின் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, உன் ஆசை முடிஞ்சிடுச்சில்ல? இப்ப என்னோடதச் சொல்லட்டுமா?"